வெந்நீரில் போட்ட கம்பளிச் சட்டை

காதர் பாய் வாசல்படிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார். கழற்றியவர் உள்ளே வரவில்லை. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே டாக்ஸி காத்திருந்தது. மூட்டைகளை ஏற்றுவதற்காக அவர் மனைவி ஜெய்னம்பு டாக்ஸிக்காரனோடு இந்தியில் சண்டை போடும் சத்தம் மாடிவரை கேட்டது.

"உள்ள வாங்கோ, காபி கலந்துட்டேன்" என்றேன்.

"இருக்கட்டும் மாமி. புள்ளயக் கொஞ்சம் கூப்பிடுங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிர்றேன்."

என் மகள் நித்யா வந்தாள். அவள் வலது கை துப்பட்டாவுக்குள் இருந்தது. யார் வந்தாலும் அது தானாக உள்ளே போய்விடும். காதர் பாய் அந்தத் துப்பட்டாவையே பார்த்தார். அவளைப்போல இரண்டு பங்கு வயதுள்ள மனிதர், தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"என்னை மன்னிச்சிரு புள்ள. என் சட்டைய நம்பித்தான நீ மலைக்குப் போன. இருபது வருசம் என்னையக் காப்பாத்துன சட்டை. அதுக்கும் வயசாயிருச்சுன்னு எனக்குத் தோணாமப் போச்சு."

"அய்யோ மாமா, நீங்க என்ன பண்ணுவீங்க? மழை அப்படி" என்றாள் நித்யா.

நான் சமையலறை வாசலில் டம்ளரும் கையுமாக நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அவருடைய சட்டை மலைக்குப் போகவே இல்லை. அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், என் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டிக்குள் கிடந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காபி ஆறுகிறது என்று சொன்னேன். 

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் என் ஆபீஸைப் பற்றி எழுதினேன், லோக்கல் ரயிலைப் பற்றி எழுதினேன், என் கணவர் காலமான வருஷத்தைப் பற்றிக்கூட எழுதிவிட்டேன். இதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். சில மாதங்களுக்கு முன் ஜெய்னம்புவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு தள்ள முடியவில்லை.

பம்பாய்க் குளிர்

நாங்கள் இருப்பது செம்பூரில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில். காதர் பாய் குடும்பம் எங்களுக்கு எதிர் வீடு. இரண்டு வாசலுக்கும் நடுவே நாலு முழம்கூட இருக்காது.

எங்கள் ஊரில் குளிர் என்றால் பொங்கலை ஒட்டி வரும் இரண்டு மூன்று வாரம்தான். அதற்கு நடக்கும் ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும். மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு வெண்டைக்காய் வாங்க வரும் மாமாக்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்வார்கள். காலில் அதே ஹவாய் செருப்பு. டிராம்பே பக்கம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தலையில் குரங்குக் குல்லாய் ஏறும். வீட்டுக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த எனக்குக் கம்பளியைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தது ஒன்றுதான். அதையும் தேவைப்பட்ட அன்று நான் நினைக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பயந்த சுபாவம். நித்யா ஒன்பதாவது படிக்கும்போது அவள் அப்பா போனார். அன்றிலிருந்து அவள் வரவேண்டிய ரயில் பத்து நிமிஷம் தாமதமானாலும் செம்பூர் ஸ்டேஷன் பாலத்தில் போய் நின்றுவிடுவேன். கல்லூரிக்குப் போன முதல் நாள் அவள் பையில் குடையும் வைத்தேன், ரெயின்கோட்டும் வைத்தேன். இரண்டில் ஒன்று கிழிந்துவிட்டால் என்ன செய்வாள்?

"அம்மா, டென்ஷன் மத் லே, கவலைப்படாதே. நான் காலேஜுக்குப் போறேன், கடலுக்கு இல்லை" என்றாள்.

அப்படிப்பட்ட எனக்கு மலையேறும் பைத்தியம் பிடித்த மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிக் கூட்டத்தோடு பழைய கோட்டைகள் இருக்கும் குன்றுகளுக்குப் போக ஆரம்பித்தாள். அது வளர்ந்து, கடைசி வருஷத்துக் குளிர்கால விடுமுறையில் இமயமலைக்குப் பத்து நாள் என்று வந்து நின்றது. மாட்டேன் என்றேன். நாலு நாள் சாப்பிடாமல் இருந்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

கொண்டுவர வேண்டிய சாமான்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதில் முதல் வரி: கனமான உல்லன் ஸ்வெட்டர் ஒன்று.

ஜெய்னம்புவின் சக்களத்தி

காதர் பாய்க்கு ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர். சரக்குக் கப்பலில் டெக் வேலை. ஒன்பது மாதம் கடலில் இருப்பார், மூன்று மாதம் வீட்டில். வடக்கே எங்கோ ஒரு குளிர்த் துறைமுகத்தில் வாங்கிய கம்பளிச் சட்டை ஒன்று அவரிடம் இருந்தது. கருநீலம். கழுத்துவரை மூடும். முழங்கை கிழிந்து, கறுப்பு நூலால் அவரே தைத்திருந்தார். அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் ஜெய்னம்பு அதைப் பால்கனியில் விரித்துப் போடுவாள்.

அந்தத் தடவை அவர் கப்பல் வெயில் நாடுகளுக்குத்தான் போவதாக இருந்தது. நித்யா கேட்டவுடனே எடுத்துக் கொடுத்தார்கள். அந்தச் சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வரவில்லை. ஆனால் நித்யா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி, அவர்கள் பேசியதெல்லாம் நேரில் கேட்டதுபோல எனக்குப் பாடமாகிவிட்டது.

"என் சக்களத்தியத் தர்றேன். பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துரு" என்றாளாம் ஜெய்னம்பு. "இவுக என்னையக் கட்டுறதுக்கு முன்னாடியே இதைக் கட்டிக்கிட்டாக. இதைக் குளிப்பாட்டுற பக்குவத்துல என்னைய ஒரு நாள் பாத்துருப்பாகளான்னு கேளு."

"நீ சுருங்க மாட்ட. அது சுருங்கிரும்" என்றாராம் காதர் பாய்.

நித்யா நோட்டுப் புத்தகத்தோடு போயிருந்தாள். கேள்வி மேல் கேள்வி. பருத்தி ஏன் கூடாது?

"பருத்தி தண்ணியக் குடிச்சா உடம்புச் சூட்டையும் சேத்துக் குடிச்சிரும் புள்ள. கம்பளி நனைஞ்சாலும் உள்ளுக்குள்ள கொஞ்சம் காத்தப் புடிச்சு வச்சிருக்கும். டெக்குல அலை அடிச்சு நான் தொப்பலா நனைஞ்சிருக்கேன். அப்படியே அமுக்கித் தண்ணிய எடுத்துட்டு, திரும்ப மாட்டிக்கிட்டு வேலை பாத்தேன். அஞ்சு நிமிசத்துல உடம்பு சூடாயிரும்."

"இது அசல் உல்லன்னு எப்படித் தெரியும் மாமா?"

அவர் சட்டையின் ஓரத்திலிருந்து ஒரு இழையைப் பிய்த்து, தீக்குச்சி காட்டினாராம். முடி கருகும் வாடை வந்து, விரலில் சாம்பலாக உதிர்ந்தது. தீயை எடுத்ததும் தானே அணைந்தது. "நைலான்னா உருகி, கறுப்பா உருண்டு நிக்கும். தோலுல ஒட்டுனா தோலோட வரும்" என்றார்.

"தோய்க்கிறது?"

"என்னத்துக்குத் துவைக்கணும்? ஆடு மழையில நனையுது, வெயில்ல காயுது. அதுக்கு எவன் சோப்புப் போடுறான்? வேர்வை வாடை காத்துல தானாப் போயிரும். ரொம்ப அழுக்குன்னா வருசத்துக்கு ஒருக்கா, பச்சத் தண்ணியில பூந்திக்கொட்டையக் கரைச்சு, நோகாம அமுக்கி எடுக்கணும். முறுக்கக் கூடாது. கொடியில தொங்கவிடக் கூடாது, தன் கனத்துலயே இழுத்துக்கிரும். துண்ட விரிச்சு, நிழல்ல படுக்கப் போடணும். ஒரு பக்கம் காஞ்சதும் திருப்பிப் போடணும், மறக்காத. பெட்டியில காஞ்ச வேப்பிலை வச்சா பூச்சி வராது. வெந்நி மட்டும் காட்டிராத. வெந்நி பட்டா அதோட கதை முடிஞ்சுச்சு."

இத்தனையும் நித்யா ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. வெந்நீர் என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு.

கம்பளிக்குத் தீட்டில்லை

எனக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழுப்புக் கம்பளி உண்டு. என் கணவரின் திதி ஆடியில் வரும். பம்பாய் மழையில் ஆடி மாதம் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. திதிச் சமையலுக்கென்று துவைத்துப் போட்ட மடிப்புடவை காயாவிட்டால் அந்தக் கம்பளியைச் சுற்றிக்கொண்டுதான் சமைப்பேன். பட்டும் கம்பளியும் துவைக்காமலே மடி என்பது எங்கள் வழக்கம். கம்பளிக்குத் தீட்டு ஒட்டாது. உதறி, காற்றில் போட்டால் போதும். என் கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கம்பளி தண்ணீரைக் கண்டதில்லை.

காதர் பாய் கடலில் கற்றுக்கொண்டதும் நாங்கள் மடி என்று வைத்திருந்ததும் ஒன்றுதான். இதை நான் கண்டுபிடித்தது எல்லாம் முடிந்த பிறகு.

இமயமலைக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நித்யா பயிற்சிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "அம்மா, அந்த ஸ்வெட்டரைத் தோய்க்காதே. மாமா சொல்லியிருக்கார்."

சரி என்றேன். அவள் போனதும் அதை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். ஈரமான ஆட்டு வாடை. அதற்கு மேல் எண்ணெய், உப்பு, கொஞ்சம் மீன். இது எந்தெந்த உடம்பில் கிடந்ததோ, என்னென்ன தொட்ட கை இதைத் தொட்டதோ, இது என் பெண்ணின் உடம்பில் பத்து நாள் ஒட்டிக்கிடக்கப் போகிறதே என்று தோன்றியது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆபீஸில் எனக்குப் பேதமே கிடையாது என்று பேசுகிறவள் நான். பெருநாளன்று ஜெய்னம்பு எங்கள் வீட்டுக்குப் பிரியாணி அனுப்ப மாட்டாள். கடையிலிருந்து வந்த பொட்டலம் பிரிக்காமல், பழமும் முந்திரியும் தனியாக அனுப்புவாள். நான் கேட்டதில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. அதைப் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டவளும் நான்தான்.

ஸ்டவ்வில் பெரிய அலுமினிய அண்டாவை ஏற்றினேன். தண்ணீர் கொதித்ததும் சலவை சோடா இரண்டு கைப்பிடி. அதில் சட்டையைப் போட்டு, குச்சியால் அமுக்கி அமுக்கிக் கிளறினேன். தண்ணீர் கருநீலமாகி, பிறகு சேறு நிறமானது. குளியலறைக்கு எடுத்துப் போய்க் கட்டையால் அடித்தேன். நாலு முறை பச்சைத் தண்ணீரில் அலசினேன். மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

பிரித்தபோது முதலில் அது மடிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். மறுபடி உதறினேன். மடிப்பு எதுவும் இல்லை. அவ்வளவுதான் இருந்தது.

கை ஒன்றரைச் சாண். ஐந்து வயதுக் குழந்தைக்குச் சரியாக இருக்கும். துணியே வேறாகிவிட்டது. ஆர்மோனியத்துக்குள் ஒட்டியிருக்கும் தடித்த துணிபோல விறைத்து, கண்ணியெல்லாம் மூடிக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தேன். கொடியில் போட்டு இரண்டு பக்கமும் கனத்தைக் கட்டிப் பார்த்தேன். ஈரத்தோடு இஸ்திரி போட்டேன். ஒரு விரற்கடைகூடக் கொடுக்கவில்லை.

அப்போதே எதிர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். காதர் பாய் அதற்கு இரண்டு நாள் முன்புதான் கப்பலுக்குப் போயிருந்தார், ஜெய்னம்பு இருந்தாள். கெட்டுப்போச்சு என்று சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள், பிறகு சிரித்திருப்பாள். ஆனால் ஒரு கேள்வி கேட்பாளே, 'என்னத்துக்கு மாமி கொதிக்க வச்சீங்க?' என்று. அதற்கு என்னிடம் இருந்த பதிலை அவள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது.

தாதர் நடைபாதை

மறுநாள் ஆபீஸ் விட்டதும் தாதரில் இறங்கினேன். குளிர்காலத்தில் வடக்கு மலைகளிலிருந்து வருகிறவர்கள் நடைபாதையில் ஸ்வெட்டர் குவித்து விற்பார்கள். கருநீலம், கழுத்து மூடியது வேண்டும் என்றேன்.

"அசல் உல்லனா?" என்று கேட்டேன்.

"தொட்டுப் பாருங்க பெஹன்ஜி, முயல் மாதிரி இருக்கு" என்றாள் விற்றவள்.

தொட்டேன். மெத்தென்று, கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. காதர் பாயின் சட்டை குத்தும். இது குத்தவில்லை. இதுவே மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, முழங்கையில் கறுப்பு நூலால் ஒரு தையல் போட்டேன். அவர் தைத்திருந்த அதே இடத்தில். அந்தத் தையலை நான் எப்படிப் போட்டேன், என்ன மனசோடு போட்டேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 

பையின் அடியில் வைத்து, மேலே எல்லாவற்றையும் நானே அடுக்கினேன்.

"தோய்ச்சியா?" என்றாள் நித்யா.

"லேசா அலசினேன். மெத்துன்னு ஆயிடுத்து."

"அம்மா, உன்னைத் திருத்தவே முடியாது" என்று சிரித்துக்கொண்டே பையைத் தோளில் ஏற்றினாள். இரண்டு கையாலும் ஏற்றினாள்.

கிளம்பும்போது ஜெய்னம்பு மாடிப்படிவரை வந்தாள். "சக்களத்திய விட்டுட்டு வந்துராத புள்ள. அவுக வந்து கேட்டா நான் தலாக்குத்தான்."

நனைந்த பிறகு

தந்தி என் ஆபீஸுக்கு வந்தது. இரண்டு நாள் ரயில், அப்புறம் பஸ். மலையடிவார ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி.

நடந்ததைக் குழுவின் தலைவன் அழுதுகொண்டே சொன்னான். ஐந்தாம் நாள் இறங்கும் வழியில் மழை பிடித்து, அது பனியோடு கலந்தது. கூட வந்த ஒரு பெண்ணின் பருத்திச் சட்டை நனைந்து அவள் வெடவெடவென்று நடுங்கினாள். நித்யா தன் ரப்பர் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். வேண்டாம் என்று அவன் தடுத்திருக்கிறான்.

"என்னுது உல்லன். நனைஞ்சாலும் சூடா இருக்கும்" என்றாளாம் நித்யா.

வழுக்கும் இறக்கத்தில் பிடித்து இறங்கும் கயிறு நித்யாவின் வலது கையில். மூன்று மணி நேரம். கொஞ்ச நேரத்தில் நித்யாவின் நடுக்கம் நின்றுவிட்டது. கம்பளி வேலை செய்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். உடம்பு தோற்றுப்போனால்தான் நடுக்கம் நிற்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் சின்ன வயது. நெஞ்சு குளிர்ந்தால் ரத்தம் விரல்களைக் கைவிட்டுவிட்டு நெஞ்சைக் காப்பாற்ற ஓடிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். கத்தரித்து எடுத்த ஸ்வெட்டரின் ஒரு துண்டை விரலால் கசக்கிப் பார்த்தார். "இது உல்லன் இல்லையே, மாஜி. யார் கொடுத்தது?" என்று இந்தியில் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

நித்யா மயக்கத்தில் இருந்தாள். அவள் காதில் அது விழவில்லை.

வலது கையில் கட்டைவிரலைத் தவிர நாலு விரலும் நடுக் கணுவோடு போயின. இடது கையில் இரண்டு நுனி. திரும்பும் வழியில் தில்லி ஸ்டேஷனில், ஸ்வெட்டர்த் துண்டுகளை நர்ஸ் கட்டிக்கொடுத்திருந்த பையைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். சட்டை ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துவிட்டது என்று ஜெய்னம்புவிடம் சொன்னேன். "சட்டை கெடக்குது மாமி, புள்ள வந்துச்சே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

நித்யா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். இடது கையால் சாப்பிடப் பழகாத நாட்கள், நான்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். "அந்த ஸ்வெட்டர் கொஞ்சம் லேசாத்தான் இருந்துதும்மா. நீ அலசினதுல அழுக்கெல்லாம் போயிடுத்துன்னு நினைச்சேன்."

அடுத்த கவளத்தை உருட்டினேன். அன்று சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னும் எத்தனையோ நாட்கள் இருந்தன, பின்னும் இருந்தன. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சொல்வது கடினமாயிற்று.

மறுபடி அந்த வாசல்படி

காதர் பாய் அந்தத் தடவை கப்பலிலிருந்து வந்தவர், திரும்பப் போகவில்லை. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். புதிதாக ஒரு கம்பளிச் சட்டை வாங்கச் சொல்லி ஜெய்னம்பு எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லையாம். "இனிமே எதை நம்பி டெக்குல நிக்கிறது?" என்றாராம். இதை ஜெய்னம்பு வருத்தத்தோடு என்னிடமே வந்து சொன்னாள். ஆறு மாதம் கழித்து ஊரோடு போவதென்று முடிவு செய்தார்கள்.

அன்றுதான் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.

மன்னிப்புக் கேட்ட பிறகு காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, நின்றபடியே குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லா இருந்துச்சு மாமி" என்றார். பாதிப் படி இறங்கியவர் நின்று திரும்பிப் பார்த்தார். இப்போது, இப்போது என்று நினைத்தபடி காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையை மட்டும் உயர்த்திவிட்டு இறங்கிப் போனார். டாக்ஸிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வருஷங்கள். நித்யா இடது கையால் எழுதப் பழகி, படிப்பை முடித்து, ஒரு பள்ளி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் இந்தத் தொடரை எழுத ஆரம்பித்தேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. பத்திரிகை வரும் நாளில் என் எதிரே உட்கார்ந்து, "படிச்சுக் காட்டு, என்னைப் பத்தி நீ என்ன தப்பா எழுதியிருக்கேன்னு பார்க்கறேன்" என்பாள்.

ஜெய்னம்புவின் கடிதம் நாலு பக்கம். காதர் பாய் மவுத்தாகி நாற்பது நாள் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாள். நுரையீரலாம். அதற்குக் கீழே இப்படி இருந்தது:

"ஒங்க தொடர வாராவாரம் கடையில வாங்கி அவுகளுக்கு வாசிச்சுக் காட்டுவேன் மாமி. படுத்த படுக்கையா இருக்கும்போதும் கேப்பாக. நித்யாவப் பத்தி எப்ப எழுதுவாக, புள்ள கை எப்படி இருக்குன்னு அதுல வருமான்னு. இன்னும் வரலைன்னு சொல்வேன். அடுத்த வாரம் வரும்னு சொல்வாக."

அன்று ஆபீஸுக்குப் போகவில்லை. உட்கார்ந்து இதுவரை உள்ளதை எழுதினேன். சாயங்காலம் நித்யா வந்ததும் படித்துக் காட்டினேன். வெந்நீர் வந்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தையல் வந்த இடத்தில் திறந்தாள். அதற்குப் பிறகு கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டியைத் திற" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள். 

"மாமாகிட்ட நீ சொல்லவே இல்லையா?"

"இல்லை."

"அன்னிக்கு வாசல்ல நின்னப்போ?"

"இல்லைடி."

"அவர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டார்மா."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வலது கையை. துப்பட்டாவை விட்டு வெளியே எடுத்து.

"இதைப் பத்திரிகைக்கு அனுப்பாதே. ஜெய்னம்பு மாமி கடையில வாங்கிப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா? முதல்ல லெட்டர் போடு. அவங்க படிச்சப்புறம் என்ன வேணா பண்ணு."

எழுதினேன். எல்லாவற்றையும், அந்த ஆட்டு வாடை உட்பட. பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை ஜெய்னம்புவின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஒன்பது வாரம் காத்திருந்தேன். அட்டையைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. வரும் என்று இப்போது நினைக்கவில்லை. ஆசிரியருக்கு இதை அனுப்புகிறேன்.

நித்யா என்னோடு பேசுகிறாள். பால் வந்ததா, கேஸ் தீர்ந்ததா, அந்த மாதிரி. பத்திரிகை வரும் நாளில் எதிரே வந்து உட்காருவதில்லை.

சட்டையை நான் இப்போது பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. ஒரு குழந்தைக்குக்கூடப் போட முடியாத அளவு விறைத்த அந்தத் துணிக்கு, பூந்திக்கொட்டை, பச்சைத் தண்ணீர், காய்ந்த வேப்பிலை எல்லாம் அவர் சொன்னபடியே செய்கிறேன். யாருக்கும் இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும்.

போன ஞாயிறு பால்கனி நிழலில் துண்டு விரித்து அதைப் படுக்கப் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கூட்டம். வர நேரமாகிவிட்டது. திருப்பிப் போடவில்லையே என்று பதறிக்கொண்டு மாடி ஏறினேன்.

நித்யா அவள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பால்கனியில் சட்டை திருப்பிப் போடப்பட்டிருந்தது. இரண்டு கையையும் நேராக நீட்டி, சுருக்கமெல்லாம் நீவிவிட்டு.